கிழக்குச் சுவர்க் குழாய்

குழாய் உடைந்தால் தண்ணீர் வரும். தண்ணீர் வந்தால் போன் வரும். போன் வந்தால் கிளாரிசா அதற்கு ஓர் எண் கொடுப்பாள். நிக்டியில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்த பராமரிப்பு நிறுவனத்தில் அவளுக்கு அதுதான் வேலை. புனேயில் பல அடுக்குமாடிக் கட்டடங்களின் குழாய்களை அந்த நிறுவனம்தான் பார்த்துக்கொண்டது. எங்கே எது கசிந்தாலும், எண் இல்லாமல் ஒரு ஸ்பேனர்கூடப் பையை விட்டு வெளியே வராது.

ஆபீஸில் 'கோடு' என்று சொல்லப்பட்ட அந்த எண்களில் பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை. நூறில் தொடங்கினால் பழுது. இருநூறில் தொடங்கினால் மாற்று. கசியும் இடத்தில் இரும்புப் பட்டை கட்டினால் 104. கெட்டுப்போன பகுதியை வெட்டியெடுத்துப் புதுத் துண்டு வைத்தால் 107. ஆனால் அந்தத் துண்டு ஒரு மீட்டருக்குள் இருக்க வேண்டும். தாண்டிவிட்டால் அதே வேலை, அதே ஆள், அதே வியர்வை, 201 ஆகிவிடும். தரையிலிருந்து மொட்டைமாடிவரை ஒரு குழாயை மொத்தமாகக் கைவிட்டுப் புதிது போட்டால் 203. பழுது என்றால் மறுநாளே ஆள் போகும். மாற்று என்றால் குடியிருப்போர் சங்கம் கூடிச் சம்மதிக்க வேண்டும், சாரம் கட்ட வேண்டும், தண்ணீரை நிறுத்த வேண்டும், சுவரை உடைக்க வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், பழுது என்பது தலைவலித் தைலம். மாற்று என்பது ஆபரேஷன்.

இவ்வளவையும் மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருந்தும், ஒவ்வொரு எண்ணையும் போட்ட பிறகு கிளாரிசாவுக்கு ஒரு சந்தேகம் எழும். சரியாக ஒரு மீட்டரே இருந்தால் என்ன எண்? ஒருநாள் இதை மேலாளர் ஜோபினிடம் கேட்டாள்.

"கிளாரிசா, உன்னைக் குழாய்க்கு ஜாதகம் எழுதச் சொல்லல. கோடு போடத்தான் சொன்னேன்" என்றார் அவர், டீயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"மத்லப், அதாவது, ஒரு மீட்டர்னா உள்ளேயா வெளியேயா சார்?"

"நம்ம பிளம்பர் கோவிந்தராஜ் டேப்பைப் பிடிக்கிற லட்சணத்துல எந்தக் குழாயும் சரியா ஒரு மீட்டர் வராது. நீ கவலைப்படாதே."

அவள் கவலைப்பட்டாள். வேலை முடிந்து லோக்கல் ரயிலில் ஏறி, கேம்ப் பகுதியில் நடக்கும் மாலைநேரக் கட்டட வரைபட வகுப்புக்குப் போகும் வழியெல்லாம் அது தொடரும். ஜன்னலில் தலையைச் சாய்த்தால் போதும், தூக்கமும் இல்லாத விழிப்பும் இல்லாத ஓர் இடைவெளியில் குழாய்கள் வரும். ஒரு கிழக் குழாயை ஒவ்வொரு முறையும் முக்கால் மீட்டர் வெட்டிப் புதுத் துண்டு வைத்துக்கொண்டே போகிறார்கள். கடைசியில் பழைய இரும்பில் ஒரு விரற்கடைகூட மிச்சமில்லை. ஆனாலும் அது மாற்றப்படாத பழைய குழாய்தான், எல்லாம் 107தானே. அந்தக் குழாய் ஒரு மனிதரைப் போல எழுந்து நின்று, "அப்போ நான் யாரும்மா?" என்று அவளிடம் தமிழில் கேட்கும். ரயில் ஸ்டேஷனில் நிற்கும். அவள் திடுக்கிட்டு இறங்குவாள்.

அப்படிப்பட்ட நாட்களில் ஒன்றில்தான் ஔந்து பகுதியிலிருந்து அந்த போன் வந்தது. ஒரு பெண் குரல். தட்டுத் தடுமாறிய இந்தி.

"பைப் சேஞ்ச் மத் கரோங்க."

இந்தியின் வாலில் ஒட்டியிருந்த அந்த 'ங்க'வைக் கேட்டதும் கிளாரிசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆன்ட்டி, நீங்க தமிழா?"

"அட, நம்ம பக்கமா நீயி? முருகா, என்னைக் காப்பாத்திப்போட்டே. எந்த ஊரு அம்மிணி?"

"கோர்படி."

"அது எங்க இருக்குது, ஈரோட்டுக்குப் பக்கமா?"

"இல்ல ஆன்ட்டி, இங்கேதான். ரயில்வே காலனி."

பேசியவள் பெயர் மல்லிகா. கோயமுத்தூர்க்காரி. ஔந்தில் ஒரு பழைய நாலுமாடிக் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் குடியிருந்தாள். அவளுக்கு நேர் கீழே, இரண்டாம் மாடியில் இருந்த வைஷாலி, படுக்கையறைக் கூரையில் ஓதம் அடிக்கிறது என்று புகார் கொடுத்திருந்தாள். தரைத்தள மோட்டாரிலிருந்து மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் இரும்புக் குழாய், கிழக்குச் சுவருக்குள்ளேயே மேலே போகிறது. மல்லிகா வீட்டுத் தரைக்கும் வைஷாலி வீட்டுக் கூரைக்கும் நடுவில் எங்கோ அது கசிந்தது. கசிந்தால் சரி பண்ணுங்கள் என்றுதான் எல்லோரும் போன் செய்வார்கள். மல்லிகா அதை மாற்றாமல் இருக்கச் சொல்வதற்காகப் போன் செய்திருந்தாள்.

"பட்டையைக் கட்டுங்க, பசையைப் பூசுங்க, என்னமோ பண்ணிக்குங்க. மாத்த மட்டும் மாத்திப்போடாதீங்க கண்ணு."

"புதுசு நல்லதுதானே ஆன்ட்டி? பிளாஸ்டிக். துரு வராது."

"புதுசுல சத்தம் வராதே கண்ணு."

விஷயம் இதுதான். அவள் கணவர் வாசுதேவன் அமெரிக்கக் கம்பெனி ஒன்றுக்கு இரவு ஷிப்டில் வேலை பார்த்தார். ஊருக்குப் பகல் அவருக்கு இரவு. ஆனால் பகலில் அவருக்குத் தூக்கம் வராது. கறுப்புத் திரை போட்டுப் பார்த்தார்கள், காதில் பஞ்சு வைத்துப் பார்த்தார்கள், மாத்திரையும் ஆயிற்று. கண்ணுக்குக் கீழே குழி விழுந்தது; ஒருநாள் வண்டியைக் கொண்டுபோய் நடுச்சாலைத் தடுப்பில் மோதினார். அதன்பிறகுதான் இந்த வீட்டை வாங்கிக் குடிவந்தார்கள். முதல் வாரம், முற்பகலில் மோட்டார் ஓடத் தொடங்கியதும் கிழக்குச் சுவர் மெல்ல ரீங்கரித்தது. "நூல் மில்லு தூரத்துல ஓடுமே, அப்படி" என்றாள் மல்லிகா. சுவரோரம் சும்மா சாய்ந்திருந்த வாசுதேவன் அப்படியே சரிந்து தூங்கிப்போனார். தொட்டி நிரம்பி மோட்டார் நின்ற பிறகும் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கே, வாஸ்து என்று ஒரு பொய் சொல்லிக் கட்டிலை அந்தச் சுவரோடு ஒட்டிப் போட்டுவிட்டாள்.

"குழாய்தான் தூங்க வைக்குதுன்னு அவர்கிட்ட மூச்சு விடல. சொன்னா அதுவும் போயிரும். சிலதெல்லாம் தெரியாம இருக்கிறவரைக்கும்தான் வேலை செய்யும்."

கிளாரிசா முதல் தடவை மனசாட்சிக்கு விரோதமில்லாமல் 104 போட்டாள். சின்னக் கசிவு, பட்டை போதும். கோவிந்தராஜ் தன் ஆட்களோடு போய்க் கட்டிவிட்டு வந்தார். சில வாரங்களில் பட்டைக்குப் பக்கத்திலேயே மறுபடி கசிந்தது. கோவிந்தராஜ் அங்கிருந்தே போன் செய்தார்.

"தங்கச்சி, இது கிழவன் பல்லு மாதிரி. ஒண்ணைக் கட்டினா பக்கத்துப் பல்லு ஆடுது. வெட்டி வைக்கணும்."

"எவ்வளவு நீளம் அண்ணா?"

"நீ எவ்வளவு சொல்றியோ அவ்வளவு."

"அய்யோ, நீங்க அளந்து சொல்லுங்க."

"ஒரு மீட்டருக்கு நாலு விரல் கம்மி. போதுமா? நிம்மதியா?"

107. அதுவும் நேர்மையானதுதான். ஆனால் மழை பிடித்துக்கொண்ட சமயத்தில் மூன்றாவது புகார் வந்தபோது, 104 என்று அழுத்தியதும் கணினி மறுத்துவிட்டது. ஒரே குழாய்க்கு ஒரு வருஷத்துக்குள் மூன்றாம் முறை பழுது எண் போட முடியாது. இருநூறுக்குப் போயாக வேண்டும். திரையில் சிவப்பாக ஒரு கட்டம் நின்றது. வெளியே தூறல். கீழே பேக்கரியில் பிரெட் வெந்துகொண்டிருந்த வாசனை படியேறி வந்தது. கிளாரிசாவின் கண்முன்னே, முன்பின் பார்த்திராத ஒரு மனிதர், சுவரோரம் ஒருக்களித்துப் படுத்துக் குழந்தையைப் போல மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார்.

அவள் இடம் என்ற கட்டத்துக்குப் போனாள். கிழக்குச் சுவர்க் குழாய் என்று இருந்ததைச் சமையலறைக் குழாய் என்று மாற்றினாள். சமையலறைக் குழாய்க்கு இதுவரை எந்தப் புகாரும் இல்லை. 104ஐக் கணினி சமர்த்தாக வாங்கிக்கொண்டது. கோவிந்தராஜிடம் வாயால் சொல்லிவிட்டால் அவர் சரியான சுவருக்குப் போய்விடுவார், இரண்டுக்கும் நடுவில் ஒரு நடைதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். மனதில் எழுந்த சந்தேகத்தை, வழக்கமாக எழுவதுதானே என்று விட்டுவிட்டாள்.

கோவிந்தராஜ் மச்சினி கல்யாணத்துக்கு ஆம்பூர் போயிருந்தார். வேறு ஆட்கள் போனார்கள். வைஷாலி சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தாள். எழுதியிருந்தபடியே வைஷாலி வீட்டுச் சமையலறைச் சுவரைத் தட்டிப் பார்த்தார்கள், ஒரு ஓட்டை போட்டும் பார்த்தார்கள். குழாய் காய்ந்த எலும்பு மாதிரி இருந்தது. குறை ஏதும் இல்லை என்பதற்கும் ஓர் எண் உண்டு. அதைப் போட்டுப் புகாரை மூடிவிட்டார்கள். அன்று மாலை திரையில் 'முடிந்தது' என்று பச்சையாகத் தெரிந்தபோது, கிளாரிசா வகுப்புக்கு ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் பையை மாட்டிக்கொண்டிருந்தாள். சொல்ல மறந்துவிட்டாலும், இடம் தெரிந்த கோவிந்தராஜ்தான் போய்ப் பட்டை கட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டே படியிறங்கினாள்.

சில நாட்கள் கழித்து ஜோபின் அவளை அறைக்குள் கூப்பிட்டார். ஔந்தில் இரண்டாம் மாடியில் கூரைப் பூச்சு பெயர்ந்து கட்டில்மேல் விழுந்துவிட்டது. நல்ல வேளை, கட்டிலில் யாரும் இல்லை.

"அந்தம்மா என்னைக் காய்ச்சி எடுத்துட்டாங்க. நம்ம ஆளுங்க போனாங்க, ஒண்ணும் இல்லைன்னாங்க, இப்போ கூரையே விழுந்திருக்கு. நீ நேர்ல போ. என்ன கோடுன்னு பாத்துட்டு நீயே சொல்லு. சங்கத்துல நான் பேசிக்கறேன்."

காகிதத்திலும் திரையிலுமே குழாய்களைப் பார்த்துப் பழகிய கிளாரிசா, மறுநாள் முற்பகலில் ஔந்துக்குப் போனாள். முதலில் போயிருக்க வேண்டியது இரண்டாம் மாடிக்கு. கால்கள் அவளை மூன்றாம் மாடிக்குக் கொண்டுபோயின.

மல்லிகா கதவைத் திறந்ததும் வாயில் விரலை வைத்தாள். பிறகு கிசுகிசுப்பாக, "நீதானா கோர்படி? ஒல்லியா இருக்கியே. செருப்பை அங்கயே விட்டுரு. மொசைக்ல டக்டக்குனு கேக்கும்" என்றாள். வீடே தூக்கத்துக்குப் பழகியிருந்தது. கடிகாரத்துக்கு முள் இருந்தது, டிக்கென்ற ஒலி இல்லை. மிக்ஸியைத் துணியால் சுற்றி வைத்திருந்தாள். படுக்கையறைக் கதவில் தொங்கிய திரைக்குக் கீழே, கட்டில் விளிம்பில் இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. அசைவில்லாமல், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து.

"இங்க வா. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கந்தான் அவரு, இப்பத்தான் கண்ணை மூடியிருக்காரு. கையை வை. இப்போ போடுவான் மோட்டார்."

கிளாரிசா கூடத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். முதலில் ஒன்றும் இல்லை, குளிர்ச்சி மட்டும். பிறகு கால்விரல்களில்தான் அது தொடங்கியது. தரை லேசாகக் கூசியது. சுவருக்குள்ளே ஒரு பெரிய பூனை இடம் தேடிச் சுருண்டு படுத்துக் கண்ணை மூடிக்கொண்டதுபோல் ஓர் உறுமல், உறுமலாகவும் இல்லாமல் பாட்டாகவும் இல்லாமல், உள்ளங்கை வழியே முழங்கைக்கு ஏறித் தோளில் வந்து உட்கார்ந்தது. அவள் காதை வைத்தாள். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கீழே இருட்டிலிருந்து புறப்பட்டு, தூங்குகிறவர்களையும் சமைக்கிறவர்களையும் கடந்து, வானத்தைப் பார்க்கத் திறந்திருக்கும் ஒரு தொட்டியை நோக்கி அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அதற்கு எண் தெரியாது. பட்டை கட்டிய இடத்தில் ஒரு சிறு தடுமாற்றம், வெட்டி வைத்த இடத்தில் சற்று மெல்லிய குரல், மறுபடி பழைய தடித்த குரல். எல்லாம் சேர்ந்தே பாடின. கிளாரிசாவின் இமைகள் கனத்தன. ரயிலும் வகுப்பும் சிவப்புக் கட்டமும் எங்கோ தூரத்தில் சின்னதாகிச் சின்னதாகி மறைந்தன. எவ்வளவு நேரம் அப்படி நின்றாளோ. மல்லிகா தோளைத் தொட்டபோது அவள் கன்னத்தில் சுவரின் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

"பாத்தியா? நின்னுக்கிட்டே தூங்கறே" என்று மல்லிகா சத்தமில்லாமல் சிரித்தாள். "இதையா நீ எடுத்துப்போடப் போறே?"

கிளாரிசா கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். கீழே இறங்கினாள்.

வைஷாலி வேலைக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கணவன் கப்பலில். பள்ளிக்கூடம் போகும் மகள் ஸ்நேஹாவுக்குக் கூடத்தில் பாய் விரித்துக் கொடுத்திருந்தாள். படுக்கையறையில் கூரை ஒரு வாய்போலப் பிளந்து, உள்ளே துருப்பிடித்த கம்பிகள் பல்லாகத் தெரிந்தன. கட்டிலை ஒரு மூலைக்குத் தள்ளி, அது இருந்த இடத்தில் பக்கெட்டும் குண்டானும் அண்டாவும் வைத்திருந்தாள். கீழே மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததால் சொட்டு இப்போது கோடாகவே விழுந்தது. இங்கே அந்த ரீங்காரம் கேட்கவில்லை. அண்டாவில் விழும் ஓசைதான் கேட்டது.

"மேல் வீட்டுக்காரங்க நல்லவங்க" என்றாள் வைஷாலி இந்தியில். கோபமாகப் பேசுவாள் என்று எதிர்பார்த்து வந்த கிளாரிசாவுக்கு அந்தக் களைத்த குரல்தான் அதிகம் உறைத்தது. "சண்டை இல்ல, சச்சரவு இல்ல, நாற்காலி இழுக்கிற சத்தம்கூட இல்ல. இந்தச் சொட்டு மட்டும்தான். ராத்திரி பூரா. விழும்போதுகூடப் பரவாயில்ல மேடம். நின்னுடும் பாருங்க, அப்போ அடுத்தது எப்போன்னு காத்துக்கிட்டே படுத்திருப்பேன். அதுதான் மோசம். நல்லாத் தூங்கி எத்தனை மாசமாச்சுன்னு தெரியல. நேத்து ஒரு கிழவருக்கு நரம்பு தப்பி ரெண்டு தடவை ஊசி குத்திட்டேன்."

கண்ணுக்குக் கீழே அவளுக்கும் குழி விழுந்திருந்தது.

"கம்ப்ளெயின்ட் போட்டேன். வேலை முடிஞ்சதுன்னு எனக்கு மெசேஜ் வந்துச்சு. நான் பக்கெட்டைக் கொட்டிட்டு வந்து அந்த மெசேஜைப் படிச்சேன். யாருங்க அது முடிச்சது?"

கிளாரிசா அண்டாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மேலே ஒருவர் தூங்கிய தூக்கம் சொட்டுச் சொட்டாக இறங்கி இங்கே வந்து விழுந்துகொண்டிருந்தது. அதற்குப் பாதை போட்டுக் கொடுத்தது அவள் விரல்.

"நான்தான்" என்றாள். "இடத்தைத் தப்பாப் போட்டேன். தெரிஞ்சேதான் போட்டேன்."

வைஷாலி நிரம்பிய பக்கெட்டை நகர்த்தி வேறொன்றை வைத்தாள். ஏன் என்று கேட்கவில்லை. கேட்கவும் தெம்பு வேண்டுமே.

"சரி. இப்போ சரியா போடு."

மூன்றாம் மாடிக்குத் திரும்பி ஏறும்போது ஒவ்வொரு படியும் ஒரு மாடி மாதிரி இருந்தது. மோட்டார் நின்றிருந்தது. மல்லிகாவிடம் நேராகச் சொன்னாள். 203. முழு மாற்று. பழைய குழாயை வெட்டி அடைத்துவிட்டு, கட்டடத்துக்கு வெளிப்புறமாகப் புதுக் குழாய்.

மல்லிகாவின் முகம் மாறியது. கிசுகிசுப்பு மாறவில்லை. "தமிழ்ப் பொண்ணுன்னு நம்பி எல்லாத்தையும் சொன்னேன் பாரு. என்னைச் சொல்லணும்."

"ஆன்ட்டி, கீழே வந்து ஒருக்கா பாருங்க."

"நா எதுக்குப் பாக்கணும்? பாத்தா எனக்கும் பாவமா இருக்கும். இவரு மறுபடியும் வண்டியைக் கொண்டுபோய் எங்காவது மோதினா, அப்ப உம்பட நம்பரு வந்து காப்பாத்துமா?"

கடைசி வார்த்தையில் குரல் தன்னை மறந்து உயர்ந்துவிட்டது. திரை விலகியது. தலைமுடி ஒருபக்கம் நட்டுக்கொண்டு நிற்க, கன்னத்தில் தலையணை மடிப்போடு வாசுதேவன் வெளியே வந்தார். கிளாரிசா கற்பனை செய்ததைவிடக் குட்டையாக இருந்தார்.

"யாரு மோதறது? என்ன நம்பரு?"

 மல்லிகா, அடக்கிவைத்த எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். குழாய், மோட்டார், கட்டில், பொய் வாஸ்து, கீழ் வீடு, எல்லாம். வாசுதேவன் நடுநடுவே கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டார்.

"எந்தச் சத்தம்?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்? அது ஆரம்பிக்கறதும் நீங்க தூங்கறதும் ஒண்ணாத்தானுங்க."

"மூச்சுப் பயிற்சியாலதான் தூங்கறேன்னு நெனச்சேன். ஆபீஸ்ல நாலு பேருக்குச் சொல்லிக்கூடக் கொடுத்தேன்."

கிளாரிசாவுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை. வாசுதேவன் ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு, பொத்தானை மாற்றிப் போட்டபடியே கீழே இறங்கிப் போனார். மல்லிகா வாசலோடு நின்றுவிட்டாள். அவர் திரும்பி வர நேரமாயிற்று. வந்தவர் சோபாவில் உட்கார்ந்து தன் வெறும் பாதங்களையே பார்த்தார். அவை நனைந்திருந்தன.

"மாத்திருங்க" என்றார் கிளாரிசாவிடம்.

"அப்புறம் உங்க தூக்கம்?" என்றாள் மல்லிகா.

"அந்தம்மா அண்டாவைத் தூக்கிக் கொட்டுது மல்லி. நான் போய் நிக்கறேன், இருங்க சார்னு சொல்லிட்டு எனக்கு டீ போடப் போகுது. எங்கிட்டக் கோவிச்சுக்கவே இல்ல." பாதத்தைத் துடைத்துக்கொண்டே, "இனிமே எப்படியும் வராது. நீ சொல்லிட்டியே" என்றார்.

அன்று சாயங்காலம் கிளாரிசா ஜோபினிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் கத்துவார் என்று நினைத்தாள். அவர் டீயைக் கீழே வைத்தார். அது கத்துவதைவிட மோசம். "குழாய்க்கு இரக்கப்பட்டா மனுஷனுக்கு ஒழுகும்" என்றார் கடைசியில். "நீ போட்ட கோடு. வேலை முடியறவரைக்கும் நீயே போய் நில்லு. இன்னொரு தடவை இடத்தை மாத்தினா, நான் உன் இடத்தை மாத்திருவேன்."

சங்கம் கூடியது, சம்மதித்தது. சாரம் கட்டினார்கள். வெளிச்சுவரில் வெள்ளைக் குழாய் ஒன்று, புதுப் பள்ளிச் சீருடை போட்ட பையன்போல விறைப்பாக ஏறி நின்றது. பழையதை வெட்டும் நாள் வந்தது. மல்லிகா வீட்டுப் படுக்கையறையில், தரையோரம் சுவரை உடைத்துத்தான் வெட்ட வேண்டும். வெட்டி அடைத்துப் புதியதில் இணைத்து முடிக்கும்வரை தண்ணீர் வராது என்பதால், அதற்கு முன் தொட்டியை நிரப்பிக்கொள்ள முடிவு செய்தார்கள். ஆக, பழைய குழாய் கடைசியாக ஒருமுறை ஓடும்.

கோவிந்தராஜ் உளியும் வெட்டும் கருவியுமாக வந்து கூடத்தில் உட்கார்ந்தார். வாசுதேவன் வேலையிலிருந்து வந்து குளித்துவிட்டுத் தயாராக இருந்தார். பகல் ஷிப்டுக்கு மாற்றக் கேட்டு எழுதியிருந்தார்; கம்பெனி இன்னும் பதில் சொல்லவில்லை. "அந்தச் சத்தத்தை ஒருதடவையாவது முழிச்சிட்டுக் கேட்டுடறேன்" என்று கட்டிலில் ஏறி, சுவருக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டார், கச்சேரிக்கு வந்தவர் மாதிரி.

அப்போது வைஷாலி மேலே வந்தாள். அவள் வீட்டுப் பக்கம் எப்போது வேலை தொடங்கும் என்று கேட்க வந்தவள், உள்ளே நடப்பதைப் பார்த்து வாசலில் தயங்கினாள். மல்லிகாவும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மல்லிகாவுக்கு அவ்வளவு இந்தி இல்லை. கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய், கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து, சுவரைக் காட்டி, "சுனோ, கேளு" என்றாள்.

மோட்டார் தொடங்கியது. கிளாரிசா கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். அதே பூனை, அதே கனம். அறையின் சாமான்கள் எல்லாம் ஒரு மாற்றுக் குறைந்த ஒளியில் மிதப்பதுபோல் இருந்தது. வாசுதேவன் உள்ளங்கையைச் சுவரில் வைத்தார்.

"இதுவா?" என்றார். இன்னொரு கையையும் வைத்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா தூக்கம் வர்ற மாதிரி ஒண்ணும் இல்லையே மல்லி."

மல்லிகா அவர் தோளைத் தட்டிப் பக்கத்தில் காட்டினாள்.

வைஷாலியின் தலை சுவரில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. கையிலிருந்த சாவிக்கொத்து நழுவி மடியில் கிடந்தது. மூச்சு, நீண்ட இடைவெளி விட்டு, ஆழமாக வந்து போயிற்று. வாசுதேவன் கட்டிலை அசைக்காமல், திருடன்போல ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து இறங்கினார். மல்லிகா அவர் தலையணையை எடுத்து, மெல்லச் சரித்து, வைஷாலியின் தலைக்கு அடியில் வைத்தாள். கால்களைத் தூக்கிக் கட்டிலில் போட்டாள். போர்வையை இழுத்துவிட்டாள். பழகிய கை, தடுமாறவில்லை.

எல்லோரும் கூடத்துக்கு வந்தார்கள். திரையை இறக்கினார்கள். தொட்டி நிரம்பியது. ரீங்காரம் தேய்ந்து, தேய்ந்து, நின்றது. நின்ற கணத்தில் நால்வரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். உள்ளே கட்டில் ஒருமுறை கிறீச்சிட்டது. அவள் புரண்டு படுத்தாள், அவ்வளவுதான்.

"தங்கச்சி, நான் உடைக்கணும்" என்றார் கோவிந்தராஜ் காதோடு. "பசங்க கீழே காத்திருக்காங்க."

"இருங்க அண்ணா."

"எவ்வளவு நேரம்?"

 மல்லிகா சமையலறைக்குப் போய் எல்லோருக்கும் டீ வைத்தாள். வாசுதேவன் கொட்டாவி விட்டார். விட்ட பிறகு, தானே ஆச்சரியப்பட்டு மனைவியைப் பார்த்தார். கோவிந்தராஜ் உளியைத் துண்டில் சுற்றி ஓரமாக வைத்தார்.

கிளாரிசாவின் போன் துடித்தது. ஜோபின். அவள் படிக்கட்டுக்கு ஓடினாள்.

"ஏன் இன்னும் வேலை ஆரம்பிக்கலைன்னு காட்டுது? தாமதம்னா காரணத்துக்குக் கோடு போடணும் தெரியுமில்ல? மழையா, கரண்ட் இல்லையா, சாவி இல்லையா? என்ன கோடு போடறே?"

திறந்திருந்த கதவு வழியே அவள் திரையைப் பார்த்தாள். அதற்குக் கீழே, கட்டில் விளிம்பில், இரண்டு பாதங்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருந்தன. மனதுக்குள் எண்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். தூக்கத்துக்கு ஓர் எண் இல்லை; ஆனாலும் சந்தேகம் எதுவும் எழவில்லை.

"சார்" என்றாள் அவள், "கொஞ்சம் மெதுவாப் பேசுங்க."